தாத்தா படிக்காதவர் என்றால் பேரனுக்குப் படிப்பு வராதா?

கேள்வி: எங்களுக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு சிற்றூர். கணவர் நெல் கொள்முதல் நிலையத்தில் சுமை தூக்குகிறார். எனக்கு நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை. மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிறாள். மகனுக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. வாசிக்கச் சொன்னால் திணறுகிறான். எழுத்தை விட்டுவிட்டு எழுதுகிறான். ஆனால் சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய் என்றால் மூட்டை 1,018 ரூபாய் என்று வாயாலேயே சொல்லிவிடுவான். பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர், "இவன் அப்பன், தாத்தா யார் படித்திருக்கிறார்கள்? பரம்பரையிலேயே இல்லாதது இவனுக்கு எங்கிருந்து வரும்? உங்கள் தெருப் பிள்ளைகளே இப்படித்தான்" என்று எல்லோர் முன்னும் சொன்னார். கணவரோ, "எனக்கும் எழுத்து பிடிபடாமல்தான் ஐந்தாவதோடு நின்றேன். இவனை ஒரு பட்டறையில் விட்டுவிடலாம்" என்கிறார். நான் மணந்தது என் தாய்மாமனை. அதனால்தான் பிள்ளை இப்படி ஆனானா? விரல்ரேகை பார்த்து மூளைத் திறனைச் சொல்ல டியூஷன் சென்டரில் 6,000 ரூபாய் கேட்கிறார்கள், கட்டலாமா? மகளை என் தம்பிக்குக் கொடுக்கவும் பேச்சு நடக்கிறது. அறிவு பிறவியிலேயே வருவதா, வளர்ப்பில் வருவதா, டாக்டர்?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மூன்று காரியங்களை உடனே நிறுத்தி வையுங்கள். விரல்ரேகைக்குப் பணம் கட்ட வேண்டாம். மகனைப் பள்ளியிலிருந்து எடுக்க வேண்டாம். மகளின் திருமணப் பேச்சு இப்போது வேண்டாம். காரணங்களைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள், உங்கள் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த நெல் கணக்கைத்தான். கொள்முதல் மூட்டை 40 கிலோ. ஆகவே 2,545ஐப் பத்தால் வகுத்து நான்கால் பெருக்க வேண்டும். காகிதம் இல்லாமல் அதைச் செய்யும் பிள்ளை ஓர் எண்ணை மனதில் பிடித்து வைத்துக்கொண்டே அடுத்த கணக்கைப் போடுகிறான். இந்தத் திறனைச் செயல் நினைவாற்றல் என்கிறோம். நுண்ணறிவுச் சோதனைகள் அளக்கும் முக்கியமான திறன்களில் இதுவும் ஒன்று. பதினொரு வயதில் இதை நொடியில் செய்கிறவனை மந்தம் என்று யாரும் சொல்ல முடியாது. எழுத்து மட்டும் ஏன் தடுக்கிறது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த ஆசிரியர் சொன்னதை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அது உங்களை மிகவும் புண்படுத்தியிருக்கிறது, என்னையும்தான்.

அறிவில் பரம்பரைக்குப் பங்கு உண்டு, கணிசமாகவே உண்டு. ஒரே கருமுட்டை இரண்டாகப் பிரிந்து பிறந்த இரட்டையரையும், இரு கருமுட்டைகளிலிருந்து பிறந்த இரட்டையரையும் ஒப்பிட்டுப் பல நாடுகளில் ஆய்வு செய்திருக்கிறார்கள். ஐ.க்யூ. என்னும் நுண்ணறிவு மதிப்பெண்ணில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் குழந்தைப் பருவத்தில் சுமார் 40 சதவீதமும், பெரியவர்களானபின் 60 சதவீதமோ அதற்கு மேலோ மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து போகிறது என்பது அவற்றின் முடிவு. வயது ஏற ஏற மரபின் பங்கு கூடுவது விந்தையாகத் தோன்றலாம். வளர்ந்த பிள்ளை தன் நாட்டத்துக்கேற்ற புத்தகத்தையும் நண்பர்களையும் வேலையையும் தானே தேடிப் போகிறது. உள்ளே இருப்பது அந்தத் தேடலால் மேலும் வலுப்படுகிறது. தேடிப் போக நூலகமும் நேரமும் இல்லாத பிள்ளைக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

இங்கே படித்தவர்களே தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. இந்த 40, 60 எல்லாம் ஒரு கூட்டத்துக்குள் மனிதர்கள் ஒருவரிலிருந்து ஒருவர் ஏன் வேறுபடுகிறார்கள் என்பதற்கான கணக்கு. உங்கள் மகனின் மூளையில் இத்தனை பங்கு அப்பாவிடமிருந்து, மிச்சம் பள்ளியிலிருந்து என்று அதைப் பிரித்துப் பார்க்க முடியாது. ஒரு கூட்டத்தையும் இன்னொரு கூட்டத்தையும் ஒப்பிடவும் அது உதவாது. அமெரிக்க மரபியலாளர் ரிச்சர்ட் லெவான்டின் 1970இல் சோளத்தை வைத்து இதை விளக்கினார். நான் நம் நெல்லை வைத்துச் சொல்கிறேன். பல ரகம் கலந்த விதைநெல் ஒரு மூட்டை. அதில் பாதியைக் கல்லணைக்குப் பக்கத்தில் பூதலூரில் விதைக்கிறார்கள், மீதியை உங்கள் கடைமடையில் விதைக்கிறார்கள். பூதலூர் வயலுக்குள் ஒரு பயிர் உயர்ந்தும் ஒன்று குட்டையாகவும் நின்றால் காரணம் விதை; தண்ணீரும் மண்ணும் அங்கே எல்லாப் பயிருக்கும் ஒன்று. உங்கள் வயலுக்குள்ளும் அப்படியே. ஆனால் பூதலூர் வயல் மொத்தமும் செழித்து, முறைத் தண்ணீர் வந்து சேராத உங்கள் வயல் மொத்தமும் வாடி நின்றால், அதற்கு விதையைக் குற்றம் சொல்லும் விவசாயி டெல்டாவில் ஒருவர்கூட இருக்க மாட்டார்.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் விதையைக் குற்றம் சொல்லத் துணிகிறார்கள். "உங்கள் தெருப் பிள்ளைகள்" என்று அந்த ஆசிரியர் சொன்னது சாதியைத்தான். பேரைச் சொல்லவில்லை, அவ்வளவே. கீழத்தஞ்சையில் பண்ணையாள்களுக்கென்று ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952இல்தான். அதற்கு முன் உங்கள் மாமனார் காலத்துப் பிள்ளைகள் ஆறு, ஏழு வயதிலேயே பண்ணையில் மாடு மேய்த்தார்கள். பள்ளி வாசலை மிதிக்க விடாமல் வைத்துவிட்டு, அவர்கள் பேரனைப் பார்த்து 'பரம்பரையில் படிப்பு இல்லை' என்பது அறிவியலும் ஆகாது, நியாயமும் ஆகாது. ஒரு தலைமுறை படிக்கவில்லை என்பதிலிருந்து அதற்குப் படிக்க வாய்ப்பில்லை என்று மட்டுமே தெரிகிறது. அவர்களால் எவ்வளவு முடிந்திருக்கும் என்பதை யாரும் அளந்து பார்த்ததே இல்லை.

சூழல் மாறினால் எவ்வளவு மாறும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. நெதர்லாந்தில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும்போது வைத்த ஒரே சோதனையில், 1952க்கும் 1982க்கும் இடையே இளைஞர்களின் சராசரி சுமார் 20 புள்ளிகள் உயர்ந்தது. ஜேம்ஸ் ஃப்ளின் என்ற அறிஞர் இப்படிப் பல நாடுகளின் கணக்குகளைத் திரட்டினார். முப்பது ஆண்டுகளில் ஒரு நாட்டின் மரபணு அவ்வளவு மாறிவிடாது. மாறியவை உணவு, மருத்துவம், பள்ளிப்படிப்பு, குடும்பத்தின் அளவு, பார்க்கும் வேலை. இன்னொன்று: அமெரிக்காவில் உளவியலாளர் எரிக் டர்க்கைமர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், வசதியான வீட்டு ஏழு வயது இரட்டையரிடம் மரபின் பங்கு பெரிதாக இருந்தது; மிக ஏழை வீடுகளில் அது ஏறக்குறைய பூஜ்யம், குடும்பச் சூழலின் பங்கு சுமார் 60 சதவீதம். ஏழைக்கும் மருத்துவமும் நல்ல பள்ளியும் கிடைக்கும் மேற்கு ஐரோப்பிய நாடுகளில் இந்தப் பிளவு இப்படித் தெரியவில்லை. அதையும் சேர்த்துப் பார்த்தால் பொருள் இன்னும் தெளிவாகிறது: பசியும் நோயும் குறுக்கே நிற்கும்போது பிள்ளையின் பிறவித் திறன் வெளியே தெரியவே வழி இல்லை.

நம் மாநிலத்திலேயே நடந்த ஆய்வு ஒன்றையும் சொல்கிறேன், உங்கள் கணவருக்கு இது புரியும். தமிழ்நாட்டில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளுக்கு, கையில் காசில்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களிலும், பணம் வந்த அறுவடைக்குப் பிறகும் ஒரே வகையான அறிவுச் சோதனை வைத்தார்கள். அதே மனிதர்கள் அறுவடைக்குப் பிறகு கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். கடன் கவலை மனதின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டால் மிச்சம்தான் மற்றதற்குக் கிடைக்கும் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். 2013இல் இது வெளியானது. பெரியவர்களுக்கே இப்படி என்றால், வீட்டில் வட்டிப் பேச்சைக் கேட்டுக்கொண்டே பாடப் புத்தகத்தைத் திறக்கும் சிறுவனை நினைத்துப் பாருங்கள்.

சரி, இனி உங்கள் மகனிடம் வருவோம்.

ஐந்தாம் வகுப்பு வரை பள்ளியில் காலை உணவு கிடைத்திருக்கும். 2023 ஆகஸ்டில் திருக்குவளையில் விரிவாக்கப்பட்ட அந்தத் திட்டம் தொடக்கப் பள்ளி வகுப்புகளுக்கானது. ஆறாம் வகுப்புக்கு வந்தபின் அவன் காலையில் என்ன சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுகிறான்? டீயும் ரஸ்க்கும் என்றால் மதியச் சாப்பாடு வரை அவன் மூளை பட்டினி. பழைய சோறானாலும் ஒரு முட்டையோடு சாப்பிட்டுப் போகட்டும். அடுத்து ரத்தசோகை. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் இது இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைந்தால் கவனம் நிற்காது, சோர்வு வரும், நினைவு மங்கும். பார்ப்பவர்கள் சோம்பேறி என்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். அவன் வயதுக்கு 11.5க்குக் கீழே இருந்தால் சிகிச்சை வேண்டும். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல மாத்திரையை விழுங்குகிறானா, ஜன்னல் வழியே வீசுகிறானா என்று கேளுங்கள். பலர் வீசுகிறார்கள், வெறும் வயிற்றில் குமட்டுவதால். சாப்பிட்ட பிறகு விழுங்கச் சொல்லுங்கள். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது. முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல், நீங்கள் வயலில் பிடிக்கும் நண்டும் நத்தையும் நல்லவை. குடற்புழு மாத்திரையையும் தவறவிடாதீர்கள்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை, இது எல்லா வாசகர்களுக்கும். வேதாரண்யம் உப்பளம் பக்கத்திலேயே இருப்பதால் நம் பகுதியில் வண்டியில் வரும் கல் உப்பை வாங்கிவிடுகிறோம். அதில் அயோடின் சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் அயோடின் குறைந்தால் மூளை வளர்ச்சி குன்றும். தடுக்கக்கூடிய மூளைக் குறைபாடுகளுக்கு உலகில் முதன்மையான காரணம் இதுவே. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் அயோடின் கலந்த உப்பைத் தவிர வேறு உப்பு கூடாது.

பிறகு கண்ணும் காதும். இதை நீங்களே வீட்டில் ஓரளவு கண்டுபிடிக்கலாம். அவன் நோட்டை எடுத்துப் பாருங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதியதில் மட்டும் பிழை, புத்தகத்தைப் பார்த்து எழுதியது சரி என்றால் கண் பரிசோதனை அவசியம். நீங்கள் முதுகுப்புறம் நின்று மெல்லச் சொன்னதைத் தவறாகக் கேட்கிறான், அல்லது குளத்தில் குளித்துக் குளித்துக் காதில் சீழ் வடிகிறது என்றால் காது மருத்துவரைப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்து, பார்த்து எழுதினாலும் கேட்டு எழுதினாலும் அதே பிழைகள் வந்தால், என் சந்தேகம் கற்றல் குறைபாட்டின் மேல் விழுகிறது. டிஸ்லெக்சியா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள்.

என்னிடம் வரும் இத்தகைய பிள்ளைகள் 'கோபுரம்' என்பதைக் 'கேபுரம்' என்று படிப்பார்கள். கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் நிற்கும் கொ, கோ வரிசையில் ஒரு பக்கம் அவர்கள் கைக்கு அகப்படாமல் நழுவிவிடும். ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் வியர்த்துவிடும். அதே பாடத்தை நான் வாசித்துக் காட்டிக் கேள்வி கேட்டால் பதில் தெளிவாக வரும். அறிவுக் குறைவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எழுத்தையும் ஒலியையும் மூளை இணைக்கும் பாதையில் உள்ள சிக்கல் இது.

இது குடும்பத்தில் தொடரும் தன்மை உடையது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மூன்றில் ஒன்று முதல் இரண்டில் ஒன்று வரை. "எனக்கும் எழுத்து பிடிபடாமல்தான் நின்றேன்" என்று உங்கள் கணவர் சொன்னதைப் படித்ததும் எனக்கு இதுதான் தோன்றியது. நாள் முழுக்க எத்தனை மூட்டை, யாருக்கு எவ்வளவு கூலி என்று அவர் மனதிலேயே வைத்திருக்கிறார் அல்லவா? அவருக்கும் இதே தடை இருந்து, அந்தக் காலத்தில் கண்டுபிடிக்க ஆளில்லாமல் போயிருக்கலாம். அப்படியானால் மகனுக்குத் தகப்பனிடமிருந்து வந்தது இரண்டு: வாசிப்பில் ஒரு தடை, கணக்கில் ஒரு கூர்மை. ஆசிரியர் பரம்பரை என்ற சொல்லை எடுத்தார்; அது எதைக் கொடுத்தது என்று பார்க்கத் தவறிவிட்டார்.

மரபில் வந்ததை மாற்ற முடியாது என்ற எண்ணமும் தவறு. பி.கே.யூ. என்று ஒரு பிறவி நோய் உண்டு. மரபணுக் கோளாறினால் மட்டுமே வருவது. கவனிக்காவிட்டால் மூளை கடுமையாகப் பாதிக்கப்படும். பிறந்த சில நாட்களில் கண்டுபிடித்து உணவை மாற்றினால் அந்தக் குழந்தை மற்றவர்களைப் போலவே வளர்கிறது. கற்றல் குறைபாட்டுக்கு மருந்தோ பத்தியமோ கிடையாது, பயிற்சி உண்டு. ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைத்து, தினமும் கொஞ்ச நேரம், மாதக்கணக்கில் செய்ய வேண்டிய பயிற்சி அது. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். தலைமை ஆசிரியர் வழியாகக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதுவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. சான்றிதழ் பெற்றால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகள் உண்டு.

தாய்மாமனைக் கட்டியதாலா என்று கேட்டீர்கள். இந்தக் குற்ற உணர்வை இறக்கி வையுங்கள். தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணத்துக்கு மேல் சொந்தத்தில் நடக்கிறது. அதில் உண்மையான ஆபத்து, இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே பழுதான மரபணு குழந்தையிடம் சேர்ந்துவிடுவது. அப்படி வரும் மூளைப் பாதிப்பு பெரும்பாலும் சிறு வயதிலேயே தெரிந்துவிடும்: வலிப்பு, பேச்சும் நடையும் தாமதம், பிறவிச் செவிட்டுத்தன்மை. உங்கள் மகன் உரிய வயதில் நடந்து, பேசி, இப்போது மனக்கணக்கும் போடுகிறான் என்றால் அந்தத் திசையில் கவலை குறைவு. காதை மட்டும் அவசியம் சோதித்துவிடுங்கள்.

ஆனால் மகளை உங்கள் தம்பிக்குக் கொடுப்பதை நான் அழுத்தமாகவே மறுக்கிறேன். உங்கள் தம்பி அவளுக்குத் தாயின் உடன்பிறந்தவர். அதோடு உங்கள் கணவரின் அக்காள் மகனும் அவரே. இரு வழியிலும் சொந்தம் பின்னியிருக்கிறது. வழக்கமான மாமன், மருமகள் திருமணத்தில் ஒரே மரபணு இரு பக்கமிருந்தும் குழந்தைக்கு வந்து சேரும் வாய்ப்பு எட்டில் ஒன்று. இங்கே அது பதினாறில் மூன்று, ஒன்றரை மடங்கு. ஒரு தலைமுறை தப்பித்தது என்று அடுத்ததையும் பணயம் வைக்கக் கூடாது. அவள் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கட்டும், கல்லூரிக்குப் போகட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் வரும்.

விரல்ரேகைச் சோதனைக்கு அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை. ரேகை கருவிலேயே உருவாகி முடிந்துவிடுகிறது. எந்தப் பாடம் வரும், எந்த வேலை பொருந்தும் என்று அதில் எழுதியிருக்காது. மரபணு அத்தனையும் ஒன்றாக இருக்கும் இரட்டையருக்குக்கூட ரேகை வேறு வேறு. 2022இல் முப்பது லட்சம் பேரின் மரபணுவை ஆராய்ந்து, படிப்போடு தொடர்புடைய ஏறக்குறைய 4,000 இடங்களைக் கண்டார்கள். ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. மரபணுவையே நேரில் படித்தும் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்ல முடியவில்லை என்றால், மை தடவிய விரலைப் பார்த்து எப்படிச் சொல்வார்கள்? அந்த 6,000 ரூபாயில் அவனுக்குக் கண்ணாடி வேண்டுமானால் வாங்கலாம், முட்டை வாங்கலாம்.

பட்டறை விஷயத்துக்கு வருகிறேன். பதினான்கு வயதுக்குக் கீழே வேலைக்கு விடுவது சட்டப்படி குற்றம். பேட்டரி பழுதுபார்க்கும் பட்டறை என்றால் ஈயத் தூசி நேரே மூளையைத் தாக்கும். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஆய்வு, பள்ளியில் கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஐ.க்யூ.வை 1 முதல் 5 புள்ளிகள் வரை உயர்த்துகிறது என்று காட்டியது. அறிவு இல்லை என்று பள்ளியை நிறுத்துகிறவர்கள், அறிவு வளர்வதற்கான வழியைத்தான் அடைக்கிறார்கள்.

இனிச் செய்ய வேண்டியது. முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை. பிறகு திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண், காது, குழந்தைகள் நலம், மனநலம் ஆகிய பிரிவுகள். அவனுடைய இந்த ஆண்டு நோட்டுகளை, பிழை நிறைந்தவற்றையே, எடுத்துப் போங்கள். அடித்துத் திருத்தி எழுத வைக்காதீர்கள், எங்களுக்கு அந்தப் பிழைகள்தான் வேண்டும். ஆசிரியர் பேசிய பேச்சைத் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள், தயங்க வேண்டாம். கொள்முதல் நிலையத்தில் வேலை குறைவாக இருக்கும் நாளாகப் பார்த்து உங்கள் கணவரையும் கூட அழைத்துச் செல்லுங்கள். சின்ன வயதில் எழுத்து அவருக்கு எப்படித் தெரிந்தது, எங்கே தடுக்கியது என்று மருத்துவர் அவரிடம் கேட்பார். அவர் சொல்லும் பதில் மகனுக்குச் செய்யும் சோதனைகளுக்கு நிகரான உதவியாக இருக்கும்.